பதினேழாம் எண்ணின் துயரம் குறித்த ஆய்வு

குரங்குகள் ஒன்றோடு ஒன்று எப்படிப் பழகுகின்றன, அப்படிப் பழகும்போது அவற்றின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே ஐந்து மாடியில் ஒரு நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்த மனிதர்கள் மட்டும் ஒருவரோடு ஒருவர் பழகுவதில்லை. மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்பதில்லை அல்லவா, அது மாதிரிதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இயக்குநர் லிஃப்டில் ஏறினால் வேறு யாரும் ஏறக் கூடாது. துணை இயக்குநர் ஏறினால், ஒருவேளை இயக்குநர் வந்துவிடுவாரோ என்று இரண்டு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். காலை வணக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை உண்டு. கீழ்நிலையில் இருப்பவர் முதலில் சொல்ல வேண்டும்; பதில் சொல்வது மேல்நிலையில் இருப்பவர் விருப்பம். இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்தால் என்ன செய்வது என்று சுற்றறிக்கை வாய் திறக்கவில்லை. அதனால் கவனிப்புத் துறைத் தலைவரும் பதிவுத் துறைத் தலைவரும் நாலு வருடமாக எதிரெதிர் அறைகளில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில், குரங்குக் கூண்டுகள் இருந்தன. அவற்றைக் கழுவி, பழம் நறுக்கிப் போட்டு, அடிபட்டால் மருந்து தடவிக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார். எல்லோரும் அவரைக் கூண்டுக்காரர் என்றார்கள். பதினொரு வருட வேலையில், மேல்மாடியில் இருந்து கூண்டுப் பக்கம் வந்தவர்களை அவர் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நாற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம், யார் முதலில் உள்ளே போவது என்பது முடிவாகவில்லை.

அவரிடம் இருந்த குரங்குகளில் இரண்டு பெண் குரங்குகள் பிரிக்க முடியாதவை. ஏட்டில் அவை பதினேழு, இருபத்து மூன்று. அவருக்கு அவை சிடுமூஞ்சி, குண்டுமணி. சிடுமூஞ்சி தனியாக இருந்த காலத்தில் தன் முடியைத் தானே பிய்த்துப் போட்டு, முன்கை இரண்டும் மொட்டையாகத் திரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் குண்டுமணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டே மாதத்தில் முடி வளர்ந்துவிட்டது. ஒருமுறை சுவருக்கு வெள்ளையடிக்கிறோம் என்று இரண்டையும் மூன்று நாள் தனித்தனியாக வைத்தார்கள். மூன்று நாளும் சிடுமூஞ்சி பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த உத்தரவு வந்தது. இடப் பற்றாக்குறை காரணமாக எண் இருபத்து மூன்று வெளியூர் நிலையம் ஒன்றுக்கு அனுப்பப்படும். கூண்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் இருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு மூன்றாவது மாடிக்கு ஓடினார். லிஃப்டில் ஏற அவருக்கு நிலை எதுவும் இல்லாததால் படியில் ஏறினார்.

துணை இயக்குநர் உறவுப் பதிவேட்டைப் புரட்டினார். "இருபத்து மூணு. உறவு: இல்லை. அப்புறம் என்னப்பா?"

"இல்லைங்க ஐயா. ரெண்டும் உசுருக்கு உசுரா இருக்குங்க."

"யார் சொன்னா?"

"நான்தாங்க சொல்றேன். மூணு வருஷமா பாத்துட்டு இருக்கேன்."

"பாக்கறது வேற, கவனிக்கறது வேற. கவனிக்கறதுக்கு ஆறாம் நம்பர் படிவம் இருக்கு. கவனிப்புத் துறையும் பதிவுத் துறையும் சேர்ந்து உக்காந்து அதை நிரப்பணும்."

"நிரப்பலீங்களா?"

"நாலு வருஷமா எந்தக் குரங்குக்கும் நிரப்பல. அதனால நாலு வருஷமா இங்க எந்தக் குரங்கும் எந்தக் குரங்கோடவும் பழகல." துணை இயக்குநர் பதிவேட்டை மூடினார். "உன்னைத் தப்பு சொல்லல. உன் மூளையும் குரங்கு வம்சத்து மூளைதானே. ரெண்டு ஜீவன் பக்கத்துல உக்காந்தா உடனே சிநேகம்னு நெனச்சுக்கும்."

"அப்ப உங்க மூளைங்க ஐயா?"

"நான் முனைவர் பட்டம் வாங்கியிருக்கேன்."

கூண்டுக்காரர் நகரவில்லை. அழுதுவிடுவாரோ என்று துணை இயக்குநருக்குப் பயம் வந்தது. அவருடைய அறையில் யாரும் அழுததில்லை. அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கையும் கிடையாது. அதனால் அவசரமாக ஒரு வழி சொன்னார். இரண்டுக்கும் உறவு இருப்பது அறிவியல்படி நிரூபிக்கப்பட்டால் உத்தரவை மறுபரிசீலனை செய்யலாம். அதற்கு ஒன்பது பேர் கொண்ட குழு கூட வேண்டும்.

குழு கூடியது. நிலையத்தில் மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட இளம்பெண் விஷயத்தை எளிமையாக விளக்கினாள். குரங்கின் மூளையில் ஓர் இடம் உண்டு. இரண்டு ஜீவன்கள் ஒன்றோடு ஒன்று ஏதாவது செய்வதைப் பார்த்தால்தான் அது விழித்துக்கொள்ளும். ஒன்றையொன்று சட்டை செய்யாமல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது தூங்கும். சிடுமூஞ்சிக்கு முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பழக்கவழக்கக் காட்சி ஒன்றைக் காட்டி அந்த இடத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பிறகு குண்டுமணியின் படத்தைக் காட்டினால் உறவு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

"சந்தேகத்துக்கு இடமில்லாத காட்சின்னா, இந்தக் குழுக் கூட்டத்தையே படம் பிடிச்சுக் காட்டுங்க" என்றார் இயக்குநர். "இதைவிட உயர்ந்த சமூகப் பழக்கம் வேற எங்க இருக்கு?"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கேமரா வந்தது. கூண்டுக்காரரும் மனுதாரர் என்ற முறையில் சுவர் ஓரமாக நின்றிருந்தார்; சும்மா நிற்பானேன் என்று தண்ணீர் கொடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார்.

"பழகுதல் என்பது எல்லாராலும் செய்யக்கூடிய காரியம் அல்ல. அதற்குப் பயிற்சி வேண்டும். முப்பது ஆண்டுகளாக நான் பழகுதலைப் பற்றியே சிந்தித்து வருகிறேன். அதனால் யாருடனும் பழக எனக்கு நேரம் கிடைத்ததில்லை. என் மகளின் திருமணத்துக்குக்கூட நான் ஒரு வாழ்த்துரையை அனுப்பிவைத்தேன். அது அச்சில் வந்தது."

துணை இயக்குநர் பல் தெரியச் சிரித்தார். பயந்த குரங்கு பெரிய குரங்கின் முன்னால் அப்படித்தான் பல்லைக் காட்டும் என்று கூண்டுக்காரருக்குத் தெரியும். இயக்குநர் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டார். குரங்குகளில் தலைவன் கொட்டாவி விட்டால் அது தூக்கம் இல்லை, கோரைப் பல்லின் நீளத்தைக் காட்டுகிறது. எட்டுப் பேரும் குனிந்து காகிதத்தைப் பார்த்தார்கள். நம் கூண்டிலேயே நிற்கிறோமோ என்று கூண்டுக்காரருக்கு ஒரு கணம் குழம்பியது. ஆனால் கூண்டில் நடுநடுவே யாராவது யாரையாவது தொடுவார்கள்.

மறுநாள் சிடுமூஞ்சியை இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். கூண்டுக்காரர் வாழைப்பழத் துண்டுகளோடு பக்கத்தில் நின்றார். ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்க்கும் படத்தைப் போட்டதும் திரையில் அந்த இடம் பளிச்சென்று எரிந்தது. இரண்டு காலி நாற்காலிகளின் படத்துக்கு அணைந்தது. பிறகு குழுக் கூட்டம் ஓடியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நாற்காலிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"மிஷின் ரிப்பேரா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். நல்லாத்தான் ஓடுது."

"அப்ப குரங்கு ரிப்பேர்."

துணை இயக்குநர் அதை உடனே குறித்துக்கொண்டார். பதினேழாம் எண்ணுக்குச் சமூக உணர்வு கிடையாது. சமூக உணர்வு இல்லாததற்குச் சிநேகிதி இருக்க முடியாது. எனவே பிரிப்பதால் பாதகம் இல்லை.

"சார், ஒரே ஒரு இடத்துல எரிஞ்சுது" என்றாள் இயந்திரக்காரப் பெண். "பன்னெண்டாவது நிமிஷம்."

திருப்பிப் போட்டார்கள். குழுவிலேயே வயதான உறுப்பினர் தண்ணீர் டம்ளரை எடுக்கிறார். கை நடுங்குகிறது. படத்தின் ஓரத்தில் இருந்து ஒரு கை வந்து டம்ளரின் அடியைத் தாங்குகிறது. அவருடைய விரல்கள் கெட்டியாகப் பிடிக்கும்வரை அங்கேயே இருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அந்த மூன்று விநாடிக்கு மட்டும் சிடுமூஞ்சியின் மூளை விழித்திருந்தது.

"யார் கை அது?" என்றார் இயக்குநர்.

கூண்டுக்காரர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"குழுவுல இல்லாத கை சார்" என்றார் துணை இயக்குநர். "வெட்டிடலாம்."

ஆனாலும் இயக்குநருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. தன் கூட்டமும் காலி நாற்காலியும் ஒன்று என்று ஒரு குரங்கு சொல்லிவிட்டதே. படத்தை மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை இயல்பாகப் பழக வேண்டும் என்று உத்தரவு. எப்படி இயல்பாகப் பழகுவது என்று தெரியாமல் ஒன்பது பேரும் திருதிருவென்று விழித்தார்கள். துணை இயக்குநர் படியிறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, கூண்டு அறையின் வாசலோடு நின்றுகொண்டார்.

"ஏம்ப்பா, குரங்குக்குப் புரியற மாதிரி நாங்க என்ன செய்யணும்?"

"ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசுங்க ஐயா. இல்லாட்டி சட்டையில தூசி இருந்தா தட்டி விடுங்க. போதும்."

பேசுவதை விடத் தூசி தட்டுவது பாதுகாப்பானது என்று குழு முடிவு செய்தது. யார் யாருக்குத் தட்டுவது என்பதில் ஒரு முழு நாள் போனது. கடைசியில் பதவி வரிசைப்படி, கீழே இருப்பவர் தனக்கு மேலே இருப்பவருக்குத் தட்ட வேண்டும் என்று தீர்மானமானது. ஒன்பது பேரும் ரயில் மாதிரி வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற இயக்குநருக்குத் தட்ட ஆள் இல்லாததால், அவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

இதில் ஒரு விபத்து நடந்தது. கவனிப்புத் துறைத் தலைவருக்கு முன்னால் பதிவுத் துறைத் தலைவர் நிற்கும்படி ஆகிவிட்டது. நாலு வருடம் கழித்து ஒருவர் மற்றவர் முதுகைத் தொட்டார்.

"காலர் கிழிஞ்சிருக்கு" என்றார் பின்னால் நின்றவர்.

"தெரியும்" என்றார் முன்னால் நின்றவர். திரும்பாமலே, "வீட்ல தெச்சுக் குடுக்க இப்ப ஆள் இல்ல" என்றார்.

"எப்போ?"

"போன வருஷம்."

பின்னால் நின்றவரின் கை தட்டுவதை நிறுத்திவிட்டு அந்த முதுகிலேயே இருந்தது.

புதுப் படத்தைப் போட்டுக் காட்டியபோது சிடுமூஞ்சியின் மூளை அந்த இடத்தில் எரிந்த எரி, திரையே வெளுத்துப் போனது. இயக்குநர் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார். "பாத்தீங்களா? நான் சுவரைப் பாத்த விதம் அப்படி." இயந்திரக்காரப் பெண் கூண்டுக்காரரைப் பார்த்தாள். அடுத்துக் குண்டுமணியின் படத்தைக் காட்டினார்கள். அந்த இடம் மட்டும் இல்லை, அதைச் சுற்றி இருந்த இடம் எல்லாம் எரிந்தது. சிநேகிதியைக் கண்ட குரங்கு செய்வது போலச் சிடுமூஞ்சி உதட்டைச் சப்புக் கொட்டியது. வேறு குரங்குகளின் படத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உறவு நிரூபிக்கப்பட்டது. ஒன்பது கையெழுத்து, இரண்டு முத்திரை. கூண்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. இயக்குநர் எழுந்து பேசினார்.

"இரண்டு குரங்குகளுக்கு இடையே ஆழமான நட்பு இருப்பதை நம் நிலையம் நிரூபித்துவிட்டது. இத்தகைய நட்பு கிடைப்பது அரிது. அரிதான பொருளை வீணாக்கக் கூடாது. எனவே அடுத்த கட்டமாக, இந்த நட்பைப் பிரித்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். இருபத்து மூன்று வெள்ளிக்கிழமை வெளியூர் போகட்டும். நாற்பது நாள், மணிக்கு ஒரு முறை பதினேழைக் கவனிப்போம்."

எட்டுப் பேரும் கைதட்டினார்கள். கூண்டுக்காரர் துணை இயக்குநரின் பின்னாலேயே ஓடினார்.

"ஐயா, மறுபரிசீலனைன்னு சொன்னீங்களே."

"அது இடப் பற்றாக்குறைக்கு. இது ஆய்வு. நீதானேப்பா நிரூபிக்கச் சொன்னே? நட்பு இல்லைன்னு ஆகியிருந்தா யாரு இதைச் சீந்தியிருப்பா."

"பட்டினி கிடந்தே அது செத்துப் போயிடும்ங்க."

"அப்படி ஆனா ரொம்ப முக்கியமான முடிவு. நல்லா எழுதி வை."

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. கூண்டுக்காரர் பயணக் கூண்டைத் தூக்கி ஏற்றினார். ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னங்க, ரெண்டு இருக்கு? சீட்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"சீட்டு சரியாத்தான் இருக்கு. நீங்க போய்ச் சீட்டைக் குடுங்க, கூண்டை இறக்குங்க. அங்க என்னை மாதிரி ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட பேசிட்டேன்."

உண்மையிலேயே பேசியிருந்தார். வெளியூர்க் கூண்டுக்காரர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: உங்கள் ஊரில் யாராவது வந்து எண்ணிப் பார்ப்பார்களா? மாட்டார்கள் என்று இவர் சொன்னார். இங்கேயும் மாட்டார்கள், அனுப்புங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கதவைச் சாத்தும்போது சிடுமூஞ்சி கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. பொத்தான் அறுந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அப்புறம்தான் பயம் பிடித்தது. இயந்திரத்தில் உட்கார வைக்கப் பதினேழைக் கேட்டால்? இயந்திரக்காரப் பெண்ணிடம் போய் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் மேஜையில் இருந்து ஒரு படிவத்தை உருவினாள்.

"அண்ணே, மிஷினுக்கு ரிப்பேர் விண்ணப்பம் போட்டுடறேன். ஒன்பது பேர் கையெழுத்துப் போடணும். அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயி குழந்தையே பிறந்துடும்."

மிச்சம் இருந்தது மணிக்கு ஒரு முறை கவனிப்பு. இயக்குநர் அதைத் துணை இயக்குநரிடம் கொடுத்தார். அவர் துறைத் தலைவர்களிடம் கொடுத்தார். அது ஒவ்வொரு மாடியாக இறங்கி, மூன்றாம் நாள் கூண்டு அறையின் ஆணியில் வந்து தொங்கியது. எதிரே காலிக் கூண்டு. என்ன சாப்பிட்டது, எங்கே உட்கார்ந்தது, எதைப் பார்த்தது என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள்.

கூண்டுக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குரங்கை ஏற்றி அனுப்பியது பொய் இல்லை, அது வேலை. ஆனால் இல்லாத குரங்கு தின்றதாக எழுதுவது பொய். அவருக்குப் பொய் எழுத வரவில்லை. ஆகவே தெரிந்ததை எழுதினார். காலை: ஒன்றும் சாப்பிடவில்லை. மதியம்: கொடுத்ததில் கால் பங்கு. உட்கார்ந்த இடம்: மூலை. பார்த்தது: கதவை. வேறு குறிப்பு: இரண்டு முறை காலடிச் சத்தம் கேட்டு எழுந்தது, யாரும் வரவில்லை.

இப்படியே நாற்பது நாள். வெளியூரில் இருந்து வாரம் ஒரு முறை போன் வரும். ரெண்டும் சௌக்கியம், ஒரே மூலைதான், ஒரே தட்டுதான் என்று அவர் சொல்வார். இவர் சரி, சரி என்பார். போனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்து, மாலை: வெகுநேரம் அசையாமல் இருந்தது என்று எழுதுவார். வீட்டில் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கழுவப் போடுவாள். "வேலை ஜாஸ்தியா?" என்பாள். "வேலையே இல்ல" என்பார்.

ஆய்வு பெரிய வெற்றி. புத்தகமாக அச்சிட்டார்கள். வெளியீட்டு விழாவுக்கு ஊழியர்களின் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். சமூகப் பழக்கத்தை வளர்ப்பதற்காக என்று அழைப்பிதழில் இருந்தது. கூண்டுக்காரரும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள்.

"என்னங்க, இந்தக் குரங்குக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணும் எழுதலையே?"

"ஞாயிறு லீவு."

"ஒன்பதாம் தேதி பாதி சாப்பிட்டிருக்கு. அன்னிக்குத்தான் உங்களுக்குப் பிடிச்சதா செஞ்சு குடுத்தேன், பாதி திரும்பி வந்துது."

அவர் புத்தகத்தை மூடப் பார்த்தார். மேடையில் இயக்குநர் குரல் தழுதழுக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜீவன் பட்ட துயரத்தை எங்கள் குழு ஒவ்வொரு மணி நேரமும் அருகில் இருந்து கவனித்தது. அதன் முகத்தை நானே கண்ணால் பார்த்தேன். மறக்க முடியாத முகம். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்."

கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இல்லாததால் அரங்கம் சும்மா இருந்தது. கூண்டுக்காரரின் மனைவி எழுந்து நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உட்காரவில்லை.

"ஐயா, நாப்பது நாளும் அது இப்படி இருந்துதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. யாராவது ஒரு தடவை அது பக்கத்துல போய் உக்காந்தீங்களா?"

இயக்குநர் கருணையோடு சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் பொறுமையாகத்தான் பேசுவார்.

"அம்மா, பக்கத்துல போய் உக்காந்தா ஆய்வு கெட்டுப் போயிடும்."

அரங்கம் கைதட்டியது. கவனிப்புத் துறைத் தலைவரும் பதிவுத் துறைத் தலைவரும் மட்டும் தட்டவில்லை. அவள் உட்கார்ந்து, நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.